மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் கால் பலத்தை அளப்பது: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

மூளை முடக்குவாதம் (சி.பி.) உள்ள பிள்ளைகளுக்கு பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. கால் பலத்தை அளக்கிற நாளில் அம்மா அப்பாக்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அறையில் கேட்க விட்டுப்போனவை இரவில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வரும். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சி.பி.யில் அதிகம் காணப்படுவது தசை இறுகும் ஸ்பாஸ்டிக் வகை. பதில்கள் முக்கியமாக அந்தப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியவை.

1. "காலு ரெண்டும் கட்டை மாதிரி விறைப்பா இருக்கு, என்னாலயே மடக்க முடியலை. அப்புறம் எப்படிங்க பலம் இல்லைன்னு சொல்றீங்க?"

விறைப்பு வேறு, பலம் வேறு. தசையை வேகமாக இழுக்கும்போது அது தானாக எதிர்த்து இறுகுவது விறைப்பு. அதில் பிள்ளையின் விருப்பம் எதுவும் இல்லை. பிள்ளை தானே நினைத்து, வேண்டிய தசையைச் சுருக்கி, எவ்வளவு விசை கொடுக்க முடிகிறது என்பதுதான் பலம். உங்கள் கைக்கு மடங்காத அதே காலை, கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து "கண்ணு, காலை நீட்டி என் கையைத் தள்ளு" என்று சொல்லிப் பாருங்கள். பாதி தூரம் வந்து நடுங்கி நின்றுவிடும்.

இதற்குக் காரணங்கள் பல. மூளையிலிருந்து போகும் கட்டளை முழுமையாகச் சேராததால் தசை நார்களில் ஒரு பங்குதான் வேலைக்கு வருகிறது. தசையே அளவில் சிறியதாக வளர்ந்திருக்கிறது. முட்டியை நீட்டும் முன்தொடைத் தசை சுருங்கும்போது, மடக்கும் பின்தொடைத் தசையும் சேர்ந்து சுருங்கி எதிர்ப்பக்கம் இழுக்கிறது. இத்தனையும் கழிந்தபின் மிஞ்சும் விசையைத்தான் நாங்கள் அளக்கிறோம்.

2. "நடக்கிறதைப் பார்த்தாலே தெரியுமே. இதுல தனியா அளக்கிறதுக்கு என்ன இருக்கு?"

நடையைப் பார்த்தால் என்ன நடக்கிறது என்று தெரியும், ஏன் நடக்கிறது என்று தெரியாது. முட்டி மடங்கியபடியே நடக்கிற ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பின்தொடைத் தசை நீளம் குறைந்திருக்கலாம். முன்தொடைத் தசைக்குத் தாங்கும் பலம் இல்லாமல் இருக்கலாம். கெண்டைக்கால் தசை பலவீனமாகி, முன்னங்கால் முன்பக்கம் சரிவதைப் பிடித்து நிறுத்த முடியாமல் போயிருக்கலாம். தொடை எலும்பு முறுக்கியிருக்கலாம். பல பிள்ளைகளுக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்கு நீட்டிப் பயிற்சி, ஒன்றுக்குப் பலப் பயிற்சி, ஒன்றுக்கு ஏ.எஃப்.ஓ. (கணுக்காலையும் பாதத்தையும் பிடித்துத் தாங்கும் கருவி), ஒன்றுக்கு ஆபரேஷன். எது காரணம் என்று பிரித்துப் பார்க்காமல் பயிற்சியைத் தொடங்கினால், பிள்ளையின் பள்ளி நேரமும் உங்கள் பஸ் காசும் வீணாகும்.

3. "ஃபைல்ல 3, 4-னு எழுதியிருக்காங்க. அது எத்தனைக்கு எத்தனை மார்க்கு?"

அது ஐந்துக்குப் போடும் தரம். தசையில் அசைவே இல்லையென்றால் 0. தொட்டால் துடிப்பு மட்டும் தெரிந்தால் 1. படுக்கையில் பக்கவாட்டில் வைத்து, காலின் எடையைத் தூக்க வேண்டாத நிலையில் அசைத்தால் 2. காலின் எடையைத் தூக்கி அசைத்தால் 3. அதோடு எங்கள் கையின் எதிர்ப்பையும் ஓரளவு தாங்கினால் 4. இயல்பான பலம் 5.

இந்த முறை போலியோ காலத்தில் வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டனில் எலும்பு மருத்துவர் ராபர்ட் லவெட்டின் குழு போலியோ பிள்ளைகளின் தசைகளை இப்படிப் பரிசோதித்தது. இன்று நாம் எழுதும் 0 முதல் 5 வரையிலான அளவுகோல், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நரம்புக் காயங்களுக்காக வகுத்தது.

கருவி எதுவும் வேண்டாம், எந்தக் கிராமத்திலும் செய்யலாம் என்பது இதன் பெரிய நன்மை. ஆனால் 4 என்ற ஒரே தரத்துக்குள் மிகப் பெரிய வித்தியாசங்கள் அடங்கிவிடும். லேசாகத் தள்ளினாலே தோற்றுப்போகும் காலும் 4, கிட்டத்தட்ட இயல்பான காலும் 4. ஆறு மாதம் உழைத்துப் பலம் கூடிய பிள்ளைக்கும் ஃபைலில் அதே 4 நிற்கும். இரண்டு பிசியோக்கள் பார்த்தால் ஒருவர் 3+ என்பார், இன்னொருவர் 4− என்பார். அதனால் ஓரளவு நடக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தரம் மட்டும் போதாது.

4. "கையில பிடிச்சு அழுத்துற சின்ன மெஷின் ஒண்ணு வெச்சுப் பாத்தாங்க. அது என்ன பண்ணும்? புள்ளைக்கு வலிக்குமா?"

அது கையடக்க டைனமோமீட்டர். உள்ளங்கையில் அடங்கும், முன்னால் மெத்தை வைத்திருக்கும், எவ்வளவு விசையில் தள்ளுகிறார்கள் என்பதைக் கிலோவிலோ நியூட்டனிலோ காட்டும். முட்டி நீட்டும் பலத்தை அளக்க, பிள்ளையை முட்டி 90 டிகிரியில் மடங்கும்படி உயர மேசையில் உட்காரவைப்போம். மெத்தையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்பக்கம் வைப்போம். "தள்ளு, தள்ளு, தள்ளு, விடு" என்று மூன்று முதல் ஐந்து வினாடி. இடையில் ஓய்வு கொடுத்து மூன்று தடவை. பிள்ளை உடம்பைப் பின்னால் சாய்த்தாலோ மேசையைப் பிடித்து இழுத்தாலோ அந்தத் தடவையை எழுத மாட்டோம்.

வலிக்காது, முன்னங்காலில் சிவந்த தடம் கொஞ்ச நேரம் தெரியலாம். பிள்ளை தள்ள நாங்கள் அசையாமல் பிடிப்பது ஒரு முறை. நாங்கள் தள்ளி, பிள்ளை தோற்கும்வரை அழுத்துவது இன்னொரு முறை. சி.பி. பிள்ளைகளுக்கு முதலாவதே ஏற்றது. இரண்டாவதில் தசை சட்டென்று நீட்டப்படுவதால் முதல் பதிலில் சொன்ன விறைப்பு கிளம்பி, அதுவும் பலமாகக் கணக்கில் ஏறிவிடும்.

5. "போன தடவை 9 கிலோ, இப்ப 7 கிலோன்னு எழுதியிருக்கு. இத்தனை மாசம் பண்ணதெல்லாம் வீணா?"

முதலில், மெத்தையை எங்கே வைத்தார்கள் என்று கேளுங்கள். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் அதிக அழுத்தம் வேண்டும், கைப்பிடி ஓரத்தில் தள்ளினால் கொஞ்சம் போதும். காலுக்கும் அதே கணக்கு. முட்டியிலிருந்து 20 சென்டிமீட்டரில் வைத்து 9 கிலோ வந்தால், அது முட்டியில் சுமார் 17.6 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை (விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது). 26 சென்டிமீட்டரில் வைத்து 7 கிலோ வந்தால் சுமார் 17.8. பலம் குறையவே இல்லை! மெத்தை கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே அறிக்கையில் கிலோ மட்டும் இருந்தால், தூரத்தையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தூரம் ஒன்றாக இருந்தும் எண் மாறினால், அன்று பிள்ளை எப்படி இருந்தது என்று யோசியுங்கள். முந்தின நாள் காய்ச்சல், வலிப்பு மருந்தின் அளவு மாறியது, ராத்திரி பஸ்ஸில் வந்து தூக்கம் கெட்டது, எல்லாமே எண்ணைக் கீழே இழுக்கும். ஒரே வாரத்தில் இரண்டு முறை அளந்தாலே சி.பி. பிள்ளைகளுக்கு எண் கணிசமாக ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாண்டிய மாற்றத்தைத்தான் மாற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒற்றை அளவைப் பார்த்து மகிழவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

6. "அப்போ எண்ணு கூடிட்டே போனா முன்னேற்றம்தானே?"

பிள்ளை வளர்கிறது, எடை கூடுகிறது. கூடிய உடம்பைத் தூக்குவதும் அதே கால்தான். அதனால் திருப்புவிசையை உடல் எடையால் வகுத்துப் பார்ப்போம். 20 கிலோ எடையில் 18 நியூட்டன் மீட்டர் இருந்தால் கிலோவுக்கு 0.9. இரண்டு வருடம் கழித்து 28 கிலோ எடையில் 21 வந்தால் கிலோவுக்கு 0.75. எண் ஏறியிருக்கிறது, ஆனால் பிள்ளைக்குப் படி ஏறுவது முன்பைவிடக் கஷ்டமாகியிருக்கும்.

10 வயதுக்கு மேல் உயரமும் எடையும் சட்டென்று கூடும் காலத்தில் இது நிறைய நடக்கிறது. "நல்லா நடந்துட்டு இருந்தவன் ஏழாங்கிளாஸ்ல உக்காந்துட்டான்" என்று சொல்லி வரும் குடும்பங்களைப் பார்க்கும்போது, வருடா வருடம் அளந்து வைத்திருந்தால் முன்பே பிடித்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

7. "அதே வயசுப் புள்ள ஒருத்திக்கு எங்க பாப்பாவைவிட ரெண்டு மடங்கு வந்துச்சே?"

அந்தப் பிள்ளையின் நிலை எதுவென்று தெரியாமல் ஒப்பிடாதீர்கள். சி.பி. பிள்ளைகளின் அசைவுத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற முறை 1997இல் கனடாவில் உருவானது. பிடிமானமில்லாமல் நடந்து படி ஏறுகிறவர்கள் நிலை 1, தலையை நிமிர்த்தி வைக்கவே உதவி வேண்டியவர்கள் நிலை 5. நிலை 1 பிள்ளையின் எண்ணை நிலை 3 பிள்ளையோடு வைத்துப் பார்ப்பதில் பொருளே இல்லை. உங்கள் பாப்பாவுக்கு ஒப்பீடு, ஆறு மாதம் முன்பிருந்த உங்கள் பாப்பாதான்.

8. "ஒரு காலு, ஒரு கைதான் பாதிப்பு. நல்ல காலையும் எதுக்கு அளக்குறீங்க?"

ஏனென்றால் நல்ல கால் என்று நாம் நினைப்பதும் முழு பலத்தில் இருப்பதில்லை. அமெரிக்காவில் வைலி, டமியானோ இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் மறுபக்கக் காலும் அதே வயதுப் பிள்ளைகளைவிடப் பலம் குறைந்தே இருந்தது. அந்தக் காலை அளவுகோலாக வைத்து "அதுல பாதி வந்துடுச்சு" என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

9. "பெரிய நாற்காலி மாதிரி கம்ப்யூட்டர் மெஷின் இருக்காமே, அதுலதான் சரியா வரும்னு சொல்றாங்க?"

ஐசோகைனடிக் டைனமோமீட்டரைச் சொல்கிறீர்கள். வினாடிக்கு 60 டிகிரி என்பதுபோல் வேகத்தை நிர்ணயித்து, அசைவு முழுவதும் பலத்தை வரைபடமாகக் காட்டும். துல்லியமானது, ஆராய்ச்சிக்கு அருமையானது. ஆனால் விலை அதிகம், இருக்கையும் பட்டைகளும் பெரியவர்களின் உடல் அளவில் செய்யப்பட்டவை, சின்னப் பிள்ளை அதில் மிரண்டுபோகும். தெரபிக்குத் தேவையான முடிவுகளை எடுக்க, ஒழுங்காகப் பயன்படுத்திய கையடக்கக் கருவியே போதும். அந்த நாற்காலி மெஷினைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.

கையடக்கக் கருவிக்கும் ஒரு எல்லை உண்டு. குதிகாலைத் தூக்கும் கெண்டைக்கால் தசை, நடக்கும் பிள்ளைகளிடம் எங்கள் கையையே தள்ளிவிடும் அளவுக்கு விசை கொடுக்கும். எங்கள் பிடி தோற்றால் கருவி காட்டுவது எங்கள் பலத்தைத்தான். அந்தத் தசைக்கு, சுவரில் விரல் நுனி தொட்டு நின்று ஒற்றைக் காலில் எத்தனை தடவை குதிகாலைத் தூக்குகிறது என்று எண்ணுவதே நல்லது.

10. "மூணு வயசுதான் ஆகுது. தள்ளுன்னு சொன்னா சிரிக்கிறான். எப்படி அளப்பீங்க?"

கருவியை எடுக்கவே மாட்டோம். சொன்னதைப் புரிந்து முழு முயற்சி போட, பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்து ஆறு வயதாவது ஆக வேண்டும். அதுவரை விளையாட்டில்தான் பார்ப்போம். தரையில் கிடக்கும் பொம்மையைக் குனிந்து எடுக்கிறானா, குந்தி எடுக்கிறானா? எழும்போது கையைத் தொடையில் ஊன்றுகிறானா? சின்ன முக்காலியிலிருந்து எழ மேசையைப் பிடிக்கிறானா? இவற்றை ஒழுங்காக மதிப்பெண் போட்டுப் பார்க்க ஜி.எம்.எஃப்.எம். என்ற அசைவுத் திறன் மதிப்பீடு இருக்கிறது. வயதில் பெரியவர்களாக இருந்தும் புரிந்துகொள்ளச் சிரமப்படும் பிள்ளைகளுக்கும் இதே வழிதான்.

11. "பாதத்தை மேல தூக்குன்னா தூக்கவே மாட்டேங்குறா. ஆனா தவழும்போது, சாக்ஸ் போடும்போது தானா தூக்குறா. பிடிவாதமா?"

பிடிவாதம் இல்லை. திட்டாதீர்கள், அவளால் முடியவில்லை. ஒரு மூட்டைத் தனியாக அசைக்கும் கட்டுப்பாடு என்பது பலத்திலிருந்து தனியான ஒன்று. சி.பி.யில் அது குறையும்போது இடுப்பு, முட்டி, பாதம் மூன்றும் ஒரே கூட்டாகத்தான் மடங்கும், ஒரே கூட்டாகத்தான் நீளும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய பரிசோதனை இருக்கிறது. பிள்ளையைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, தொடையின் மேல் என் கையை வைத்து "முட்டியை மேலே தூக்கி என் கையை முட்டு" என்பேன். அவள் தொடையைத் தூக்கி என் கையை முட்டியதும் பாதமும் தானாக மேலே வரும். கணுக்காலுக்கு முன்னால் அந்தத் தசையின் நாண் புடைத்து நிற்பதைப் பெற்றோரின் விரலை வைத்தே தொடச் சொல்வேன். தசை இருக்கிறது, அதற்கு விசையும் இருக்கிறது. தனியாகக் கூப்பிட்டால் வருவதில்லை, அவ்வளவே. இப்படிப்பட்ட பிள்ளைக்கு "பாதம் 0" என்று எழுதினால் அது தவறான தகவல்.

இந்தக் கட்டுப்பாட்டை அளக்க ஸ்கேல் என்ற மதிப்பீட்டை 2009இல் அமெரிக்காவில் ஃபௌலர் குழுவினர் வெளியிட்டார்கள். இடுப்பு, முட்டி, கணுக்கால், பாதத்தின் உட்புற வெளிப்புற அசைவு, விரல்கள் என ஐந்து இடங்களுக்கு 0, 1, 2 மதிப்பெண். ஒரு காலுக்கு மொத்தம் 10. பலத்தை அளந்த எண்களுடன் இதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

12. "எங்க ஊர்ல மெஷினெல்லாம் கிடையாது. வீட்டுலயே அளக்க வழி இருக்கா?"

இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான். நெதர்லாந்தில் வெர்ஷுரன் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில் கருவியோடு மூன்று செயல் பரிசோதனைகளையும் வைத்துப் பார்த்தார்கள்: உட்கார்ந்து எழுவது, பக்கவாட்டில் படி ஏறுவது, ஒரு முட்டியை ஊன்றிய நிலையிலிருந்து எழுந்து நிற்பது. 30 வினாடியில் எத்தனை தடவை என்பதுதான் அளவு. நிலை 1, 2 பிள்ளைகளுக்கு இவை நன்றாக ஒத்துவரும்.

உட்கார்ந்து எழுவதிலிருந்து தொடங்குங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலி, பாதம் முழுவதும் தரையில் பட வேண்டும், முட்டி கிட்டத்தட்ட 90 டிகிரியில் இருக்க வேண்டும். கைகளை மார்பில் கட்டிக்கொள்ளட்டும். போனில் 30 வினாடி வைத்து, முழுதாக நிமிர்ந்து நின்றதை மட்டும் எண்ணுங்கள். பாதியில் பொத்தென்று விழுந்து உட்கார்ந்தால் அது கணக்கில் சேராது. ஒவ்வொரு முறையும் அதே நாற்காலி, அதே செருப்பு அல்லது ஏ.எஃப்.ஓ., அதே நேரம். எண்ணையும் தேதியையும் நோட்டில் எழுதி, பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோவும் எடுத்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும், வாராவாரம் வேண்டாம். இடுப்பு வலி இருந்தாலோ, சமீபத்தில் ஆபரேஷன் நடந்திருந்தாலோ, எலும்பு முறிந்திருந்தாலோ செய்யாதீர்கள். விழாமல் பிடிக்க ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

உள்ளூர் பிசியோவிடம் முள் வைத்த பழைய பி.பி. கருவி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். பட்டையை மடித்து, முள் 20 மில்லிமீட்டர் (பாதரச அளவு) காட்டும்வரை காற்றடித்து, டைனமோமீட்டரை வைக்கும் அதே இடத்தில் காலில் வைத்துத் தள்ளச் சொன்னால் முள் ஏறுவதைப் படிக்கலாம். டிஜிட்டல் கருவி இதற்கு உதவாது. இந்த எண்ணைக் கிலோ எண்ணோடு ஒப்பிடவும் கூடாது. மாவட்டத்தில் உள்ள டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு) மையங்களில் 18 வயதுவரையுள்ள பிள்ளைகளைப் பார்ப்பார்கள், அங்கே பிசியோ பணியிடமும் உண்டு. உங்கள் நோட்டை அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

13. "வெயிட் கட்டிப் பயிற்சி கொடுத்தா இறுக்கம் இன்னும் கூடிடும்னு முன்னாடி ஒரு இடத்துல சொன்னாங்களே?"

பல பத்தாண்டுகள் பிசியோதெரபி உலகமே அப்படித்தான் நம்பியது. இறுக்கத்தைத் தளர்த்துவதுதான் முக்கியம், அழுத்திச் செய்யும் பயிற்சி அதைக் கெடுக்கும் என்று பாடமாகவே சொல்லிக்கொடுத்தார்கள். 1990களில் டயான் டமியானோவும் மற்றவர்களும் அளந்து பார்த்தபோது, பயிற்சியால் பலம் கூடியது, இறுக்கம் கூடவில்லை. பலப் பயிற்சி இன்று வழக்கமான சிகிச்சையின் ஒரு பகுதி. எவ்வளவு எடை என்பதை மட்டும் அளந்தபின் பிசியோ சொல்லட்டும். ஆர்வத்தில் மணல் மூட்டை கட்டிவிடாதீர்கள்.

14. "போட்டாக்ஸ் போடச் சொல்றாங்க. இல்லேன்னா தசைநாண் ஆபரேஷன். அதுக்கு முன்னாடி பலம் பாக்கணுமா?"

கட்டாயம். போட்டாக்ஸ் என்பது தசையில் ஊசியாகப் போடும் மருந்து. அது இறுக்கத்தைக் குறைப்பதோடு அந்தத் தசையின் பலத்தையும் தற்காலிகமாகக் குறைக்கும். அதன் வேலை பொதுவாக மூன்று, நான்கு மாதம் நிற்கும். சில பிள்ளைகள் இறுக்கத்தையே ஊன்றுகோலாகக் கொண்டு நிற்பார்கள். அடியில் பலம் இல்லாமல் இறுக்கத்தை மட்டும் எடுத்தால் கால் மடங்கிவிடும். முதுகில் நரம்பு வேர்களில் சிலவற்றை வெட்டும் ஆபரேஷனுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது பலத்தை முக்கியமாகப் பார்ப்பது இதனால்தான்.

குதிகால் நாணை நீட்டும் ஆபரேஷனிலும் எச்சரிக்கை வேண்டும். இரண்டு காலும் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு அதை மட்டும் தனியாக, அளவுக்கு மீறி நீட்டினால், நுனிக்காலில் நடந்தவன் முட்டி மடங்கி நடக்கத் தொடங்குவான். இரண்டாம் பதிலில் சொன்ன கெண்டைக்கால் காரணம்தான். முன்பும் பின்பும் அளந்த எண்கள் கையில் இருந்தால் சர்ஜனிடம் தெளிவாகப் பேசலாம்.

15. "ரிப்போர்ட்ல பலம் கூடியிருக்கு. ஆனா நடை அப்படியேதான் இருக்கு. அளந்ததுல தப்பா, பயிற்சியில தப்பா?"

இரண்டிலும் தப்பு இல்லாமலே இப்படி நடக்கும். நெதர்லாந்தில் ஷோல்டஸ் குழுவினர் 12 வாரம் படிப்படியாகச் சுமை கூட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். தசை பலம் கூடியது, நடக்கும் திறனில் அதற்கேற்ற மாற்றம் வரவில்லை. நடப்பதற்குப் பலத்தோடு சமநிலை வேண்டும், பதினோராம் பதிலில் சொன்ன கட்டுப்பாடு வேண்டும், எலும்பு நேராக இருக்க வேண்டும். விசை வந்தால் மட்டும் போதாது, அது ஒரு எட்டு வைக்கிற நேரத்துக்குள் வந்தாக வேண்டும். டைனமோமீட்டரில் ஐந்து வினாடி எடுத்துத் தள்ளும் பிள்ளைக்கு நடையில் அரை வினாடிகூடக் கிடைப்பதில்லை.

அதனால் பயிற்சி தொடங்கும் முன்பே, இந்தப் பலம் எதற்கு என்று முடிவு செய்துகொள்வது முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பள்ளி பஸ்ஸின் முதல் படியை ஏறவா, தரையிலிருந்து தானே எழவா, இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழவா? அந்த வேலையையே பயிற்சியாகவும் வைத்து, அதையே அளவாகவும் எடுத்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். நடை மாறாத பல பிள்ளைகள் படி ஏறத் தொடங்கியிருப்பதை வீட்டில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

16. "என் பொண்ணு வீல்சேர்லதான் இருக்கா. அவளுக்கு இதெல்லாம் அளந்து என்னங்க ஆகப்போகுது?"

நிலை 4 என்றால் நிச்சயம் பயன் உண்டு. வீல்சேரிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது பத்து வினாடி தன் காலில் எடையைத் தாங்கினால், நீங்கள் அவளை முழுதாகத் தூக்க வேண்டியதில்லை. அவள் 15 வயதில் 40 கிலோ இருக்கும்போது அந்தப் பத்து வினாடிதான் உங்கள் முதுகைக் காப்பாற்றும், அவளுக்குக் கழிவறையில் தனிமையையும் கொடுக்கும். அவளுக்கு அளவு, பிடித்துக்கொண்டு எத்தனை வினாடி நிற்கிறாள் என்பதே. அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதுங்கள்.

நிலை 5 என்றால் கால் பலத்தை அளப்பதில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த நேரத்தை இடுப்பு மூட்டுக்குக் கொடுங்கள். நிலை 4, 5 பிள்ளைகளுக்குத் தொடை எலும்பு இடுப்புக் குழியிலிருந்து மெல்ல நகரும் ஆபத்து அதிகம், தொடக்கத்தில் வலிகூட இருக்காது. குறிப்பிட்ட இடைவெளியில் எடுக்கும் இடுப்பு எக்ஸ்ரேதான் அதைக் காட்டும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, கடைசி எக்ஸ்ரே எப்போது எடுத்தது என்று கேளுங்கள்.